படகு ஹாரன் தொண்டை கட்டிவிட்டால் அடுத்து எதை வாங்குவது?

படகு ஹாரன் வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கும். என்றோ ஒரு நாள், ஒரே நொடியில் கத்த வேண்டியிருக்கும். எஞ்சின் மாதிரி தினமும் ஓடாததால் அது கெட்டுப்போவதும் நம் கண்ணில் படாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் ஸ்கீ போட் (அலையை வெட்டிக்கொண்டு கரையிலிருந்தே இறங்கும் இரட்டை எஞ்சின் மீன்பிடிப் படகு) இறக்கும் நம்மவர்கள் பலர் புது ஹாரன் வாங்கப் போனால் முதலில் கேட்பது, "எவ்வளவு சத்தம் வரும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் உப்புக்காற்றில் தொடாமல் கிடந்தபின் பொத்தானை அழுத்தினால் உடனே சத்தம் வருமா? இதை மனதில் வைத்துக்கொண்டு கடையில் உள்ள வகைகளைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சத்தம் கரகரத்தால் கோளாறு ஹாரனில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒருவரைப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரால் ஹாரனின் இரண்டு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். அழுத்தாமல் பார்ப்பதில் பயனில்லை. கரண்ட் ஓடும்போதுதான் துருப்பிடித்த இணைப்பின் லட்சணம் தெரியும். பேட்டரியில் 12.5 இருந்து ஹாரனில் 11.5க்கு மேல் வந்தால் வயர் நல்லது, ஹாரன்தான் போயிருக்கிறது. ஹாரனில் 9, 10 என்று நின்றால், எவ்வளவு விலை கொடுத்துப் புதிது வாங்கி மாட்டினாலும் அதுவும் அப்படியேதான் முனகும்.

என் மச்சானுடைய படகில் பேட்டரியில் 12.4 இருந்தது, ஹாரனில் 9.1தான் வந்தது. ஸ்டீயரிங் பக்கத்துப் பொத்தானின் ரப்பர் மூடி வெயிலில் வெடித்து, உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கிச் செம்பெல்லாம் பச்சைப் பொடியாகியிருந்தது. பொத்தானை மாற்றி, வயர் நுனியைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிப் புது டெர்மினல் போட்டதும் வோல்ட் சரியாகிவிட்டது. கரகரப்பு மட்டும் போகவில்லை.

சரி என்று ஹாரனைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தோம். குழலின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைக் குத்தி எடுத்தபின் உள்ளே போனால், காசு கனம்கூட இல்லாத ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அதன் ஓரம் முழுக்கத் துரு ஊதி, விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. இந்தத் தகடுதான் ஹாரனின் உயிர். மின்காந்தம் அதை இழுக்கும். தகடு நகர்ந்ததும் உள்ளே இருக்கும் தொடுமுனை பிரிந்து கரண்ட் நிற்கும். தகடு தன் இடத்துக்குத் திரும்பும். மறுபடி முனை தொடும். ஒரு நொடியில் சில நூறு தடவை இது நடந்தால்தான் சத்தம். தகடு துருப்பிடித்தாலும் தொடுமுனை கருகினாலும் இந்தத் தாளம் தப்பிவிடும். ஹாரனுக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கால் சுற்று திருப்பினால் தொடுமுனையின் இடைவெளி மாறும், சில சமயம் குரல் திரும்பும். முனை தேய்ந்த ஹாரனுக்கு அது நல்ல வைத்தியம். துருப்பிடித்த தகட்டுக்கு அது உதவாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவதென்றால் எந்த அளவுக்குச் சத்தம் தேவை? 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் முறையான ஹாரன் இருந்தாக வேண்டும். 20 மீட்டரைத் தொட்டால் மணியும் சேரும். 12 மீட்டருக்குக் கீழே இருந்தால் பலனுள்ள ஒலி எழுப்ப ஏதாவது ஒரு சாதனம் போதும். 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளின் ஹாரனுக்கு விதி சொல்லும் கேட்கும் தூரம் அரைக் கடல் மைல், அதாவது ஏறக்குறைய 900 மீட்டர். தென்னாப்பிரிக்காவில் சாம்சா எனப்படும் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் 2007ஆம் ஆண்டின் சிறுபடகு விதிகளின்படி சான்றிதழ் கொடுக்கிறது. சோதனைக்கு வருகிறவர் முன்னால் ஹாரன் முனகினால் அன்றைய நாள் வீண்.

நம் ஸ்கீ போட்டுகள் அநேகமாக 5 முதல் 8 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆக, சட்டம் நம்மிடம் அதிகம் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடுவது சரியில்லை என்பதே என் கருத்து. இரண்டு படகுகள் ஆளுக்கு 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் அரைக் கடல் மைலைக் கடக்க 45 நொடிதான். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் ஏறி வரும்போது பறவை இறங்கும் இடத்துக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்வார்கள். தூண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்த 45 நொடிக்காகத்தான் ஹாரன்.

துறைமுக வாயிலுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும், வந்துபோகும் பெரிய கப்பல்களுக்கு நம் ஹாரன் கேட்கும் என்று நம்ப வேண்டாம். கப்பலை ஓட்டும் அறை உயரத்தில், கண்ணாடி மூடி, குளிர்சாதனம் ஓட இருக்கும். 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் அரைக் கடல் மைலை இரண்டு நிமிஷத்தில் விழுங்கிவிடும். அவர்களிடம் பேச வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனல் இருக்கிறது. சின்னப் படகுகள், ஜெட் ஸ்கீ, முத்துக்குளிப்பவர் மாதிரி மூழ்கி எழும் டைவர்கள், துடுப்புப் பலகைக்காரர்கள் ஆகியோருக்குத்தான் ஹாரன்.

இனி வகைகளுக்கு வருவோம்.

பழைய ஹாரன் இருந்த ஓட்டையிலேயே அதே மாதிரியை வாங்கிப் பொருத்துவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. படகின் பக்கச்சுவரில் கம்பி மூடிக்குப் பின்னால் பதித்து வரும் சின்ன ஹாரன்களுக்கு இது சரி. வேறு அளவு வாங்கினால் ஃபைபரை வெட்டவோ, பழைய துளையை அடைக்கவோ வேண்டிவரும். அட்டை ஒன்றில் துளையின் வடிவத்தையும் திருகுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் வரைந்து கடைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அதே இடத்தில் மாட்டும் முன், பழையது ஏன் செத்தது என்று பாருங்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது முன்பக்கத்தில் மோதும் தண்ணீர் முழுக்க அந்தக் கம்பி மூடிக்குள்தான் போகிறது என்றால், புதியதற்கும் அதே கதிதான்.

கார் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் தட்டு ஹாரன், நத்தை ஹாரன் இரண்டும் மலிவு. சத்தத்திலும் குறை சொல்ல முடியாது. 75 மீட்டருக்குக் குறைந்த கப்பல்களுக்கு விதி கேட்பது 250 முதல் 700 ஹெர்ட்ஸ் வரையிலான சுருதி. கார் ஹாரன் பெரும்பாலும் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் பாடுவதால் இதற்குள் அடங்கிவிடும். தகடு சாதாரண இரும்பு என்பதுதான் தொல்லை. காரில் கிரில்லுக்குப் பின்னால் மழை நீர் மட்டும் படும் இடத்தில் வருஷக்கணக்கில் உழைக்கும் அது, கடலில் சீக்கிரமே தொண்டை கட்டிவிடும். இனாண்டா, மிட்மார் போன்ற நன்னீர் அணைகளில் மட்டும் ஓடும் படகுக்குத் தாராளமாக மாட்டலாம். கடலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடலுக்கென்றே செய்த மின்சாரக் குழல் ஹாரனும் உள்ளுக்குள் அதே தகடு, அதே மின்காந்தம்தான். தகடும் உடலும் எதனால் செய்தது என்பதில்தான் வித்தியாசம். வெளிக் குழல் மட்டும் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்து, உள்தகடு பெயின்ட் அடித்த இரும்பாக இருக்கும் சாமான்களும் கடைகளில் உண்டு. பின்பக்கத் திருகுகளைப் பாருங்கள், காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அவற்றில் ஒட்டிப் பாருங்கள் (பலமாக ஒட்டினால் அநேகமாக இரும்பு), கடைக்காரரிடம் தகடு என்ன உலோகம் என்று நேராகவே கேளுங்கள். 316 ரக ஸ்டீல் உப்பைத் தாங்கும் அளவுக்கு 304 தாங்காது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் குழலைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, விலையும் குறைவு. வெயிலில் வெளுக்கும், அவ்வளவுதான். இந்த வகை இழுக்கும் கரண்ட் சுமார் 3 முதல் 8 ஆம்பியர். படகில் ஏற்கெனவே இருக்கும் வயரே பெரும்பாலும் போதும்.

ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். இரட்டைக் குழலில் இரண்டு சுருதி சேர்ந்து வருவதால் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே தனியாகத் தெரியும். இடம் இருந்தால் இரட்டை.

கம்ப்ரசர் வைத்த காற்று ஹாரன்தான் கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போகும். பெரிய கப்பல் மாதிரி முழங்கும். ஆனால் சின்னப் படகில் அதை வைப்பதை நான் ஏற்கவில்லை. கம்ப்ரசர் மோட்டார் 15, 20 ஆம்பியர் இழுக்கும், ரிலே (பெரிய கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) இல்லாமல் பொத்தான் கருகிவிடும். வயர் கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஹாரன்வரை 4 மீட்டர் போய் 4 மீட்டர் திரும்பும் 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.7 வோல்ட்தான். அதே வயரில் 20 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 2.75 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால்தான் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். சரி, வயரும் போட்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் அந்த மோட்டார் ஈரக் காற்றை உள்ளே இழுத்துத்தான் காற்றழுத்தம் உண்டாக்குகிறது. அலையில் நனைகிற படகில் அது இழுப்பது உப்புச் சாரலை. மாதக்கணக்கில் சுழலாமல் நின்றால் மோட்டார் இறுகிப்போகும். ஹாரன், மோட்டார், ரிலே, ரப்பர்க் குழாய் என்று கெட்டுப்போக நாலு இடம். 12 மீட்டருக்கு மேல், உலர்ந்த எஞ்சின் அறை உள்ள படகு வைத்திருந்தால் கதையே வேறு. அங்கே கம்ப்ரசரை உள்ளே வைத்துக் குழலை மட்டும் மேலே ஏற்றலாம், அந்தச் செலவு வீண்போகாது.

கையில் பிடித்து அமுக்கும் கேஸ் டப்பா ஹாரனுக்கு வயரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். வாங்கிய அன்று இருக்கிற சத்தத்துக்கு ஈடே இல்லை. அதனாலேயே பலர் இதை மட்டும் நம்பிக் கிளம்புகிறார்கள். தொடர்ந்து அமுக்கினால் உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகி டப்பா குளிர்ந்து சத்தம் இறங்கும். குளிர்காலத்தில் மிட்மார் அணையில் மூடுபனி படர்ந்த விடியலில் ஆரம்பமே சோர்வாக இருக்கும். மூடுபனியில்தானே ஹாரன் அதிகம் தேவை? நகரும் எஞ்சின் படகு இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது 4 முதல் 6 நொடி நீள ஒலி எழுப்ப வேண்டும் என்பது விதி. 12 மீட்டருக்குக் குறைந்த படகு அந்த வடிவத்திலேயே எழுப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் அதே இரண்டு நிமிஷ இடைவெளிக்குள் கேட்கும்படியான ஏதோ ஒரு ஒலியை எழுப்பத்தான் வேண்டும். ஒரு மணி நேரம் பனி விலகாவிட்டால் முப்பது தடவை. டப்பா பாதியிலேயே கைவிரித்துவிடும்.

டப்பாவின் அடி விளிம்பு இரும்பு. படகின் அடியில் ஈரத்தில் உருண்டு கிடந்தால் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும், கேஸ் சத்தமில்லாமல் கசிந்துவிடும். வாங்கிய அன்றே சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மார்க்கர் பேனாவால் டப்பாவிலேயே எழுதிவையுங்கள். அவ்வப்போது நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு மீதி என்று தெரிந்துவிடும். லேபிளையும் படியுங்கள். சில டப்பாக்களில் தீப்பற்றாத கேஸ், சிலவற்றில் புரோப்பேன், பியூட்டேன். பெட்ரோல் டேங்க் உள்ள படகில் இரண்டாம் ரகத்தை நான் ஏற்றவே மாட்டேன். பிப்ரவரி வெயிலில் மூடிய காருக்குள் எந்த டப்பாவையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும்.

சைக்கிள் பம்பால் காற்றடித்து நிரப்பும் பிளாஸ்டிக் குப்பி ஹாரன் இதற்கு நல்ல மாற்று. கேஸ் செலவு கிடையாது. ஆனால் சில வாரங்களில் காற்று இறங்கிவிடும், படகு இறக்கும் முன் மறக்காமல் அடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் உள்ளவருக்குச் சரி.

வாயால் ஊதும் ஹாரனை யாரும் மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன். துருப்பிடிக்காது, தீர்ந்துபோகாது, பேட்டரி செத்து எஞ்சின் நின்ற பிறகும் வேலை செய்யும். தூரம் அதிகம் போகாது என்பது உண்மை. ஆனால் படகில் உள்ள சாதனங்களில் என் கேள்விக்கு முழு மார்க் வாங்குவது இது ஒன்றுதான். விசிலை இதற்குப் பதிலாக வைக்காதீர்கள். விசிலின் கூர்மையான ஒலி எதிர்க்காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். அது லைஃப் ஜாக்கெட்டில் தொங்க வேண்டிய சாமான், தண்ணீரில் விழுந்தவர் ஊதுவதற்கு. அதிலும் உள்ளே உருண்டை இல்லாத ரகமாகப் பாருங்கள். உருண்டை இருந்தால் உப்புப் படிந்து சிக்கிக்கொள்ளும்.

கடைசியாக, ரேடியோவோடு இணையும் ஒலிபெருக்கி. சில நல்ல வி.எச்.எஃப். கருவிகளில் இந்த வசதி உண்டு. மூடுபனி ஒலியைத் தானாகவே இடைவெளி விட்டு எழுப்பும், ஆளைக் கூப்பிடவும் உதவும். தொடுமுனை கருகும் பேச்சே இல்லை. விலைதான் கையைக் கடிக்கும். குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டத்தால் மூடுபனி அடிக்கடி இறங்கும் கேப் டவுன், சல்தான்யா பக்கம் படகு வைத்திருப்பவருக்கு அந்தப் பணம் தகும். டர்பனில் வெதுவெதுப்பான அகுல்லாஸ் நீரோட்டம் ஓடுவதால் கடல் மூடுபனி அவ்வளவு தொல்லை தருவதில்லை. இங்கே அந்தப் பணத்தை நல்ல ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் போடுவேன்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் டெசிபல் எண்ணை வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். ஒருவர் 10 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார், இன்னொருவர் 1 மீட்டர், கார்க்காரர்கள் பெரும்பாலும் 2 மீட்டர். தூரம் பத்து மடங்கானால் 20 டெசிபல் குறையும், இரண்டு மடங்கானால் 6 குறையும். 10 சென்டிமீட்டரில் 130 என்று போட்ட ஹாரன் 1 மீட்டரில் 110தான். 2 மீட்டரில் 112 என்று போட்ட ஹாரனோ 1 மீட்டரில் 118. எந்தத் தூரத்தில் அளந்தது என்று எழுதாத பெட்டியை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

ஆக, மச்சானுடைய 5.8 மீட்டர் படகுக்கு நான் சொன்னது இதுதான்: துருப்பிடிக்காத தகடு போட்ட பிளாஸ்டிக் இரட்டைக் குழல் மின்சார ஹாரன் ஒன்று, ஸ்டீயரிங்குக்குக் கீழே கைக்கு எட்டும் இடத்தில் கயிறு கட்டிய வாய் ஹாரன் ஒன்று. அவருக்குக் கம்ப்ரசர் மேல்தான் ஆசை. வயர், ரிலே செலவைக் கூட்டிக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். பெரிய கேபின் படகு வைத்திருக்கும் பெரியப்பா மகன் அண்ணனுக்கும் இதையே சொல்வேன், கூடவே கேஸ் டப்பா ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் படகில் அதை உலர்வாக வைக்க அலமாரி இருக்கிறது.

மாட்டும் விதத்தில் பாதி ஆயுள் இருக்கிறது. பழைய ஹாரன் முன்பக்கம் இருந்தது. புதியதை மேற்கூரைக் கம்பியின் கீழே, கண்ணாடிக்கு மேலே ஏற்றினோம். குழலின் வாய் முன்னோக்கியும் கொஞ்சம் கீழே சாய்ந்தும் இருக்க வேண்டும், உள்ளே போன தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஓட்டுகிறவரின் காதுக்கு நேராக வைக்காதீர்கள். ஈயம் பூசிய செம்பு வயர், ஹாரனுக்கென்று தனி ஃப்யூஸ், டெர்மினலில் கொஞ்சம் வேசலின். திரும்பி வந்து படகைக் கழுவும்போது அழுத்தக் குழாயைக் குழலுக்குள் அடிக்காமல், சாதாரணத் தண்ணீரை மேலாக ஊற்றினால் போதும். ஊற்றியபின் இரண்டு நொடி ஹாரனை அடித்துவிடுங்கள். தகட்டில் தங்கிய தண்ணீர் அதிர்ந்து வெளியே வந்துவிடும். படகை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் குழலின் வாயில் துணிப் பை ஒன்றைக் கட்டிவைத்தால் குளவி கூடு கட்டாது. கடலுக்குப் போகும் அன்று அதை அவிழ்க்க மறக்காமல் இருக்க, பையின் கயிற்றை எஞ்சின் சாவியோடு சேர்த்து முடிந்துவிடுங்கள்.